ஐம்பத்தெட்டில் ஒருவர்

ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று பிணங்களுக்கு நடுவில் நிற்கிறவனைக் கேட்பது பொருத்தமில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. சாப்பிடும் முன் கையைக் கழுவு. டாக்டருக்கே பாடமா என்று முறைக்காதே. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள், அவள் வேலையை நான் பார்க்கிறேன்.

உன் மனைவி நேற்று வந்திருந்தாள். மலை சரிந்த அன்று உன்னை ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்களாம், மாற்றுச் சட்டைகூட எடுக்க விடவில்லையாம். இரண்டு சட்டையும் ஒரு துண்டும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. எங்கள் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் அடிவாரம் வரை வரும் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அலுவலகத்தில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வாயை மூடவே மாட்டார். பதிலையும் அவரிடமே கொடு, ஆனால் நன்றாக ஒட்டிக் கொடு.

உங்களிடம் இருக்கிற ஒரே டெலிபோனில் மாலை ஆறு மணிக்கு எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நேற்று இருபத்துமூன்று என்றீர்கள். போட்டிப் பத்திரிகைக்காரன் இருநூறு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். எங்கள் ஆசிரியர் என் மேசை முன்னால் வந்து நிற்கிறார். “அங்க எண்றது ஒன் தம்பிதானேம்மா? உள்ளபடி எத்தனைன்னு கேட்டு வாங்கேன்.” எண்ணுகிறவன் என் தம்பி என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஏன் இத்தனை கஞ்சத்தனம்? எண்ணில்கூடவா சிக்கனம்?

இனிமேல் கேட்பதுதான் நான் கேட்க வந்தது. அந்த மலையில் நடந்த சுரங்கப்பாதை வேலையில் ஒரு சர்வேயர் இருக்கிறார். உனக்கு அத்தான். எனக்குச் சட்டப்படி இன்னும் கணவர். எட்டு வருஷமாக அவர் மலைமலையாக, நான் மேசையோடு. எலி வளையானாலும் தனி வளை என்று நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நேற்று ‘பலி 23’ என்று தலைப்பு எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அந்த இருபத்துமூன்றில் அவர் இருக்கிறாரா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் நேராகச் சொல்.

உன் அக்கா

ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகள் வந்தன. ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சாப்பிட்டேன், கை கழுவினேன்.

நேராகச் சொல்கிறேன். அத்தான் இருபத்துமூன்றில் இல்லை. இன்றைய முப்பத்தொன்றிலும் இல்லை. அவர் கூடாரம் போட்டிருந்த இடத்தை எனக்குக் காட்டினார்கள். இப்போது அங்கே ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது, நம் வீட்டைவிடப் பெரியது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மலையில் பாதி இல்லை. காலையில் மூடுபனி விலகியதும் நிமிர்ந்து பார்த்தேன், இருந்த இடத்தில் வானம் இருந்தது. சரிந்த பக்கம் மண் செக்கச்செவேலென்று பச்சைப்புண்ணாகத் திறந்து கிடக்கிறது. ஆறு தான் ஓடிய தடத்தை விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வேறு பக்கம் ஓடுகிறது. ஒரு லாரி, சக்கரம் கீழாக ஒழுங்காகவே, ஒரு பாறை உச்சியில் நிற்கிறது. அதன் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு குருவி கத்தி நான் கேட்கவில்லை. எத்தனையோ சாவு பார்த்தவன் நான். இங்கே நிற்கும்போது பயம்கூட வரவில்லை, வாய்தான் தானாகத் திறந்துகொள்கிறது.

பிணங்களை வைக்க ஒரு மரக்கிடங்கைக் கொடுத்திருக்கிறார்கள். அறுத்த மரத்தின் வாசனை நிறைய இருப்பது ஒரு புண்ணியம்.

கஞ்சத்தனம் என்றாய். கேள். முழு உடலாக வருகிறவர்களை எண்ணுவது சுலபம். மலை எல்லாரையும் முழுதாகத் தரவில்லை. ஒரு வலது கை ஓரிடத்திலும் ஒரு இடது கை வேறிடத்திலும் கிடைத்தால் இரண்டு பேர் என்று நான் சொல்லக் கூடாது. இரண்டும் ஒருவருடையதாகவே இருக்கலாம். இரண்டு இடது கை கிடைத்தால்தான் இரண்டு பேர். சந்தேகம் வந்தால் உயிரின் பக்கம் சாய வேண்டும், இதுதான் விதி. ஆகவே நான் சொல்கிற எண் எத்தனை பேர் செத்தார்கள் என்பதே அல்ல. இதற்குக் கீழே யாரும் இறக்க முடியாது என்பதுதான். போட்டிக்காரனுடைய இருநூறு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் யாரையும் பார்த்து எண்ணவில்லை. வேலைக்கு வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய அலுவலகமே, ஆட்களோடு சேர்ந்து, மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

ரேடியோ வாசலில் நின்று உன் ஆசிரியரின் மீசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிக்கிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 8

அன்புத் தம்பி,

உன் கடிதத்தில் அந்த விதி வரும் இடத்தை மட்டும் எங்கள் மேசையில் உரக்கப் படித்தேன். சந்தேகம் வந்தால் உயிரின் பக்கம் சாய வேண்டும். சாதாரணமாக அந்த நேரத்தில் எங்கள் அறை சந்தைக்கடைதான். எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். விளையாட்டுச் செய்தி எழுதும் பையன்கூட, அவன் தூக்கத்திலும் பேசுவான், பேனாவை மூடி வைத்துவிட்டான்.

இத்தனை வருஷமாக ‘பலி’ என்று எழுதுகிறேன். பஸ் கவிழ்ந்து மூவர் பலி, வெயிலுக்கு இருவர் பலி. ஏன் அந்தச் சொல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டே எழுத்து, எந்தத் தலைப்பிலும் அடங்கும், அவ்வளவுதான் காரணம். ‘உயிரிழந்தோர்’ என்று எழுதினால் இடம் போதாது என்று அச்சுக்கூட ஃபோர்மேன் சண்டைக்கு வருவார். கேட்ட சாமி யார், கொடுத்த கை யாருடையது, ஒன்றும் தெரியாமல் பலி பலி என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். நேற்றுதான் அந்த இரண்டெழுத்து என்னைத் திரும்பிப் பார்த்தது.

சொல்லை மாற்ற முடியவில்லை. ஆனால் எண்ணுக்கு முன்னால் ‘இதுவரை’ சேர்க்கச் சொன்னேன். ஃபோர்மேன் முணுமுணுத்தார், பிறகு தலைப்பை ஒரு சுற்றுச் சின்னதாக்கிச் சேர்த்துவிட்டார். ‘பலி: இதுவரை 31.’ கீழே வாசல் பலகையிலும் சாக்கட்டியில் அப்படியேதான் எழுதினோம். மலைக்கு ஆள் அனுப்பியிருக்கிற குடும்பங்கள் காலையிலிருந்தே அந்தப் பலகை முன்னால் நிற்கிறார்கள். ‘இதுவரை’ என்பதை வாசித்துவிட்டு ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, “அப்ப இன்னும் முடியலையா?” என்று கேட்டாள்.

உன் அத்தானைத் தேடுகிறாய் என்றால் ஒன்று நினைவுபடுத்துகிறேன். வலது கால். நீ மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பாறையிலிருந்து அவர் விழுந்தபோது, பெரிய டாக்டர் மாதிரி என் குடையை உடைத்து அதன் கம்பை வைத்துக் கட்டினாயே. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி உடைத்துக் கட்டலாம் என்றார்கள், அவர் மாட்டேன் என்றுவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுஷன் ஆயிற்றே. “மச்சான் போட்ட கட்டு, இருக்கட்டும்” என்று அந்தக் காலோடுதான் எத்தனை மலை ஏறினார். அந்தக் குடைக்கு அவர் இன்றுவரை பணம் தரவில்லை.

உன் அக்கா

ஆகஸ்ட் 10

அக்கா,

நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

ஆற்றோரம் தோண்டியவர்கள் இன்று மதியம் ஒரு காலைக் கொண்டுவந்தார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. கணைக்கால் எலும்பின் நடுவில் பழைய முறிவு. உள்பக்கம் சாய்ந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். அப்படிச் செய்யக் கூடாது, செய்தேன்.

அத்தான் போய்விட்டார் அக்கா. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அவரையும் சேர்த்து ஐம்பத்தெட்டு என்று ஆறு மணிக்கு நானே டெலிபோனில் சொன்னேன். மறுமுனையில் எழுதிக்கொண்டவர், “அம்பத்தெட்டா சார், சரியாச் சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன்.

நீ வர வேண்டாம். மழை பிடித்துக்கொண்டது, பாதை சரியில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 11

தம்பி,

டெலிபோன் செய்தி முதலில் வந்தது, உன் கடிதம் பின்னால் வந்தது. ஆகவே ஐம்பத்தெட்டு என்று நான் தலைப்பு எழுதியபோது எனக்குத் தெரியாது. எழுதி முடித்து, இரண்டாம் பக்கத்தில் வானிலைச் செய்தியைத் திருத்தி, ஒரு டீயும் குடித்துவிட்டேன். இன்று காலையில்தான் ரேடியோ கடிதத்தைக் கொண்டுவந்தார். வாயே திறக்காமல் கொடுத்துவிட்டுப் போனார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அச்சுக்கூடத்துக்கு இறங்கிப் போனேன். நேற்று எழுத்துக் கோத்த முதல் பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை. அந்த 58 அப்படியே இருந்தது. அதில் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தேன். ஐந்திலா, எட்டிலா? நீ சிரிக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஃபோர்மேனிடம், “அந்த எட்டக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்” என்றேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். ஈயம். சில்லென்றிருந்தது. இவ்வளவு சின்னதில் இத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எட்டு வருஷமாக இல்லாத கணவர் இப்போதும் இல்லை. லீவு எழுதிக் கேட்டால்கூட என்ன காரணம் போடுவது?

அழுதாயா என்று கேட்காதே. அந்தக் காலைப் பத்திரமாக வை.

அக்கா

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதைவிட அந்த மலையை மறுபடி நிமிர்த்தி வைப்பது சுலபம். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால் அத்தானுடையது இல்லை.

துளைபோடும் வேலைக்காரர் ஒருவரின் உடல், நாங்கள் பத்தொன்பது என்று எண் கட்டியது, ஐஸில் காத்துக்கொண்டிருந்தது. அவர் அண்ணன் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று வந்தார். முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு காலடிப் பக்கம் போய் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்: “வலது காலு கெடைக்கலையா சார்? கோணக் காலு. சின்ன வயசுல கல்லு விழுந்து ஒடைஞ்சது. ஊர்ல அத வெச்சுத்தான் அவனக் கேலி பண்ணுவோம்.” அந்தக் காலைக் கொண்டுவந்து வைத்தேன். மூட்டோடு மூட்டு பொருந்தியது. அவர் அதைத் தடவிக்கொண்டே, “இப்ப முழுசா இருக்கான்” என்றார். எனக்கு நன்றி சொன்னார் அக்கா, எனக்கு!

எலும்பு கோணலாகச் சேர என் கை ஒன்றுதானா காரணம்? உலகத்தில் எத்தனை அரைகுறை வைத்தியன் இருக்கிறான். வலது கால் இல்லாத உடல்கள் கிடங்கில் நாலு இருந்தன. அந்தக் கால் அந்த நால்வரில் ஒருவருடையதாக இருக்கலாம் என்பதால், வேறு யாராக இருந்தாலும் எண்ணைக் கூட்டியிருக்கவே மாட்டேன். அத்தான் என்று நினைத்ததால் கூட்டினேன். உனக்கு விதியைப் பிரமாதமாக எழுதிவிட்டு, முதலில் மீறியவன் நான். ஒரு மனிதரை இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

மழையினால் இந்த நாட்களில் தோண்டவில்லை, புதிதாக யாரும் கிடைக்கவில்லை. ஆகவே இன்று ஆறு மணிக்கு ஐம்பத்தேழு என்று சொல்லப் போகிறேன்.

அத்தான் இறந்ததற்கு இப்போது என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. இருப்பதற்கும் இல்லை. நம்பு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நம்பாதே என்று சொல்ல வாய் வரவில்லை. என்னைத் திட்டு.

உன் தம்பி

ஆகஸ்ட் 14

தம்பி,

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன். நீ யானையில்லை. செத்துவிட்டார் என்று எழுதினாய், நான் ஒரு மனுஷனை மனதுக்குள் புதைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இப்போது தோண்டி எடு என்கிறாய். திட்டு என்றாயே, திட்டிவிட்டேன். அந்தக் கோணல் காலை நினைவுபடுத்தி உன் கண்ணைக் கெடுத்தவள் நான்தான், அதனால் பாதித் திட்டு எனக்கு.

இனி நடந்ததைக் கேள்.

நேற்று மாலை உன் கடிதம் கைக்கு வந்து, பின்னாலேயே ஐம்பத்தேழு என்று செய்தியும் வந்ததும் ஆசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். “பலி எண்ணிக்கை எறங்கி எங்கயாவது பாத்திருக்கியாம்மா? ஏறும், இல்ல நிக்கும். எறங்கினா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் சார். சிரிச்சு நாளாச்சு.”

“அப்படியே அம்பத்தெட்டுன்னு விட்டுடு. நாளைக்கு மழ விட்டா எப்படியும் ரெண்டு மூணு சேரும். ஒண்ணு கூட இருந்தது யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“எனக்குத் தெரியும் சார். அந்த ஒண்ணு என் வீட்டுக்காரர்.”

அப்படித்தான் அந்த அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்காரர் என்று நான் அவரைச் சொல்லி எத்தனை காலமாகிறது! ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையை ஒரு பக்கம் நீவினார், மறு பக்கம் நீவினார். “போடு” என்றார். “பெருசாவே போடு.”

ஒருவரை இருமுறை எண்ணியது தெரியவந்ததால் எண் திருத்தப்படுகிறது என்று கட்டம் கட்டி விளக்கமும் எழுதினேன். ஆனால் பலகை முன்னால் நிற்கிறவர்கள் கட்டத்தைப் படிப்பதற்கு முன்னால் எண்ணைப் படிக்கிறவர்கள். ஃபோர்மேன் இறங்கிப்போய் எட்டை அழித்து ஏழு எழுதினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.

முதலில் எல்லாரும் பலகையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு முன் வரிசையில் ஒருவர், “ஒண்ணு கொறஞ்சிருக்கு” என்றார். “கொறஞ்சிருக்கா?” என்று பின்னால் ஒரு குரல். கூட்டத்தின் கடைசி வரைக்கும் அந்த ஒற்றை வார்த்தை போய்த் திரும்பி வந்தது. தெருவில் போன சைக்கிள்காரர்கள்கூடக் காலை ஊன்றி நின்றுவிட்டார்கள். எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன் தம்பி. ஆட்சி கவிழ்ந்ததை எழுதியிருக்கிறேன். ஏழு என்ற ஒரு எண்ணைப் பார்த்து ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் புரிந்தது. குறைந்த அந்த ஒன்று தங்கள் வீட்டு ஒன்றாக இருக்கும் என்று அத்தனை பேரும் நினைக்கிறார்கள். பாதிக் கூட்டம் அப்போதே பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடியது. அவர்கள் உன்னிடம்தான் வருகிறார்கள்.

தயாராக இரு. கோபப்படாதே. யாரையும் நிற்க வைத்துப் பேசாதே, உட்காரச் சொல்.

உன் அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தார்கள். மழையில், சேற்றில், லாரியில் தொற்றிக்கொண்டும் நடந்தும் வந்தார்கள். கிடங்கில் இருந்த பெஞ்சுகள் போதவில்லை, மரக்கட்டைகளை உருட்டிப் போட்டு உட்காரச் சொன்னேன்.

காணாமல் போனவர்களின் வீட்டார் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். உடலை வாங்கிக்கொண்டு போய் எல்லாம் முடித்துவிட்டவர்களும் வந்தார்கள் அக்கா. சமையற்காரரின் மனைவி ஒருத்தி. தன் கணவரைத் தானே அடையாளம் காட்டி, தானே கொண்டுபோனவள். நான் நேரில் பார்த்தேன். அவள் என் முன்னால் உட்கார்ந்து, “மொகத்தப் பாத்தேன் டாக்டர். என் கையாலதான் தொடைச்சேன். அவர்தான். ஆனா ஒண்ணு கொறஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்களே, அதான் வந்தேன்” என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பதில் சொல்லும் படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை.

எல்லாருக்கும் நடந்ததைச் சொன்னேன். என் தவறு, ஒருவருடைய காலைக் காணாமல் போன இன்னொருவருடையது என்று நினைத்து ஒருவரை இரண்டாக எண்ணினேன், யாரும் உயிரோடு திரும்பி வந்ததால் குறைந்த எண் இல்லை இது என்று சொன்னேன். என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு இரண்டு மகன்களைக் காணாத ஒரு தையற்காரர், “அப்படின்னா அந்த ஒருத்தர் செத்ததா இன்னும் யாரும் பாக்கல, அப்படித்தானே சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி, எங்கயாவது இருந்து அவர் வீட்டுக்கு வந்து சேரட்டும். எங்க வீடா இல்லாட்டியும் போவுது” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சமையற்காரரின் மனைவியும் சொன்னாள்.

அந்த ஒருவர் என் அத்தான் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. இத்தனை பேர் தங்கள் வாயால் கேட்டதை மலை எப்படி மறுக்கும் என்று ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், டாக்டர் என்பதை மறந்து நினைத்தேன்.

மழை விட்டுவிட்டது. மறுபடி தோண்டுகிறார்கள். எண் ஏறுகிறது. ஒவ்வொரு முறை துணியை விலக்கும்போதும் முதலில் பாதத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 20

என் தம்பிக்கு,

இப்போது நீ உட்கார்.

நேற்று மாலை அறுபத்தேழு என்று செய்தி வந்தது. ஃபோர்மேனுக்குக் காய்ச்சல், பலகையில் எழுத நானே இறங்கினேன். கூட்டம் வழிவிட்டது. ஆறு எழுதி, ஏழு எழுதி, சாக்கட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “அந்த ஏழு ஒண்ணு மாதிரி இருக்கு. இன்னும் ஒனக்கு ஏழு சரியா போட வரல.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயம். பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். “வேணும்னா நீங்களே போடுங்க” என்றேன். ஒரு கை வந்து சாக்கட்டியை வாங்கிக்கொண்டது.

தாடியும் சேறுமாக, பாதி ஆளாக இருக்கிறார். ஆனால் இரண்டு காலும் இருக்கின்றன, கோணலும் அப்படியே இருக்கிறது.

சரிவு நடந்த அன்று விடியற்காலையில் மலை உச்சிக்கு அளவுக் கொடி நட ஏறியிருக்கிறார். காலடியிலிருந்து மலை போவதைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி மட்டும் சொல்ல அவருக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. கையை இப்படி விரிக்கிறார், பிறகு மடியில் வைத்துக்கொள்கிறார். இறங்கப் பாதையில்லை. மறுபக்கக் காட்டுவழியாக இறங்கி, காய்ச்சலில் விழுந்து, அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கண் திறந்ததும் உயிரோடு இருக்கிறேன் என்று வேலை செய்த அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். வாங்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

“எனக்கு ஏன் கொடுக்கல?” என்றேன்.

“ஒனக்குக் குடுக்க எனக்கு என்ன உரிமைன்னு நெனச்சேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நான் செத்துட்டேன்னு நெனச்சா நீ அழுவியான்னும் தெரியல” என்றார்.

“வேலை இருந்தது” என்றேன். அது பொய். பதினொன்றாம் தேதி அச்சுக்கூடத்துக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உனக்குச் சொல்லவில்லை, அவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

இனிதான் தம்பி, நான் உன்னை உட்காரச் சொன்ன விஷயம். அந்த ஆஸ்பத்திரியில் யாரோ கட்டில்மேல் வைத்துவிட்டுப் போன பத்திரிகை ஒன்று அவர் கையில் கிடைத்திருக்கிறது. நம் பத்திரிகை. ‘பலி: இதுவரை 58.’ என் தலைப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதாராம். கூடச் சாப்பிட்டவர்கள், கொடி பிடித்தவர்கள், பெயர் தெரியாமல் சிரித்துவிட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்து, அந்த ஐம்பத்தெட்டு பேருக்கும் அழுதாராம். பக்கத்துக் கட்டில்காரர் வந்து தோளைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு அழுதாராம்.

அதில் ஒருவர் அவர்தான் என்று நான் நேற்றுச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப எனக்கும் சேத்துத்தான் அழுதேனா?” என்று கேட்டார். இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை. இந்த வீட்டில் இப்படியொரு மௌனம் எங்களுக்குள் இருந்ததேயில்லை. எங்கள் மௌனமெல்லாம் சண்டையின் மிச்சம்தான். இது வேறு.

அவர் இங்கேயே இருப்பாரா, மறுபடி மலைக்குப் போவாரா, நான் என்ன செய்யப்போகிறேன், ஒன்றும் கேட்காதே. நாங்களே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. நீ தப்பாக எண்ணியதற்கு அவர் உன்னை மன்னித்துவிட்டார், “மச்சான் கணக்குதானே, இருக்கட்டும்” என்றார். நானும் மன்னித்துவிட்டேன்.

ஆனால் காலையிலிருந்து என்னால் ஜன்னல் பக்கம் போக முடியவில்லை. கீழே அவர்கள் நிற்கிறார்கள். நேற்று அந்த ஏழு எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தாடிக்காரர் ஒருவர் பத்திரிகைக்கார அம்மாவிடமிருந்து சாக்கட்டியை வாங்கி எழுதினார், அவ்வளவுதான். அத்தனை பேரும் தங்கள் வீட்டுக்குக் கேட்ட ஒன்று அது. அத்தனை வீட்டையும் தாண்டி என் கதவைத் தட்டியிருக்கிறது. நான் கேட்கக்கூட இல்லையே தம்பி. எட்டு வருஷமாகப் பூட்டியிருந்த கதவு.

நாளை ரேடியோவின் வேனில் இருவரும் வருகிறோம். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவர் தயங்கினார். பார்க்கட்டும், அவர்களுக்கு அது பாத்தியதை என்றேன். அந்தத் தையற்காரரும் சமையற்காரரின் மனைவியும் இன்னும் அங்கே இருந்தால் போகவிடாதே. ஆனால் நீ முந்திக்கொண்டு எதுவும் சொல்லிவிடாதே. அவர் வந்து சேர்ந்தது என் வீடு என்று அவர்கள் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அக்கா